டொரொண்டோ விமானம் இறங்கிய பிற்பகல்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். பௌதிகம் படித்தவன், மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

தில்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்புக்கு மேல்தான் விமானங்கள் தாழ்ந்து வரும். மகன் முரளி இருப்பது டொரொண்டோவில். ஏறக்குறைய பதினோராயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதினான்கு மணி நேரப் பயணம். அவன் போனதிலிருந்து அங்கிருந்து விமானம் வரும் நேரத்தில் என் மனைவி ஜானகி பால்கனியில் போய் நிற்பாள். அது எங்கே பறக்கிறது என்று நான் கைபேசியில் பார்த்துச் சொல்வேன்.

போன குளிர்காலத்தில் டாக்டர் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். ஒன்றிரண்டு நாள்தான் என்றார். முரளிக்கு நான் சொல்லவில்லை. அங்கே நிரந்தரமாகத் தங்க அவன் போட்ட விண்ணப்பம் முடிவாகும் சமயம், கிளம்பி வந்தால் திரும்பப் போக முடியாதோ என்று பயம். அவனுடைய பயமல்ல, என்னுடையது.

"முரளி கிளம்பிட்டானா?" என்று ஜானகி கேட்டாள்.

"ஏறிட்டான்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த விமானத்தைச் சொல்லியே அவள் உயிரைப் பிடித்துவைத்திருந்தேன்.

"இப்ப எங்கங்க வரான்?"

"கிரீன்லாந்து தாண்டிட்டான்."

"ஜன்னல் சீட்டா?"

"ஆமா."

"அப்ப தூங்க மாட்டான். அப்பனை மாதிரியே பராக்குப் பார்த்துக்கிட்டு வருவான்." சிரிக்கக்கூடச் செய்தாள்.

மறுநாள் பிற்பகல் விமானம் எங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு இறங்கியது. "வந்துட்டான்" என்றாள். இமிக்ரேஷனில் கூட்டமாக இருக்கும், நேரமாகும் என்று ஏதோ சொன்னேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும், இன்டர்காம் ஒலித்தது. வாசல் காவலாளி. "அங்கிள்ஜி, ஆப்கா பேட்டா ஆயா ஹை." உங்கள் மகன் வந்திருக்கிறார், மேலே அனுப்பிவிட்டேன் என்கிறான். லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நின்றது. அழைப்பு மணி அடித்தது.

"திறங்களேன். புள்ள வெளிய நிக்கிறான்."

தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். அவன் வந்திருக்க முடியாது என்று எனக்கு மட்டும்தானே தெரியும். மணி விடாமல் அடித்தது. திறக்கத் துணிச்சல் வரவில்லை. ஒருவழியாக அது ஓய்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால், ஜானகி கதவைப் பார்த்தபடியே போய்விட்டிருந்தாள்.

அப்புறம்தான் கதவைத் திறந்தேன். யாருமில்லை. கால்மிதி மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது.

முரளிக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே படபடவென்று பேசினான். அங்கே இன்னும் விடியவில்லை. அறைத் தோழன் இப்போதுதான் அவனை உள்ளே இழுத்து வந்தானாம். தூக்கத்திலேயே எழுந்துபோய், பனியில் வெறுங்காலோடு நின்று, தான் குடியிருக்கும் வீட்டு மணியையே அடித்துக்கொண்டிருந்தானாம்.

"கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க நிக்கிறது தெரிஞ்சுதுப்பா. ஏன்ப்பா திறக்கல?"

அம்மா போன செய்தியைச் சொன்னேன். அவன் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அந்த விமானம் தலைக்கு மேலே போகும்போது, எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைக்கிறேன்.