சாம்பல் கோட்டு வீட்டில் குடியிருந்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அக்காவின் கணவரான மாமா என்னிடம் ஒப்படைத்தபோது, கூடத்தில் இருந்த இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் துணி அளக்கும் கஜக்கோல் பிடிப்பவன் நான். பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்து, துணியின் சாயத்தைப் பற்றிக் கேட்க மறக்கடிப்பதே என் தொழில். இன்று மட்டும் அடக்கமாக எழுதுவதாக மாமாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். எத்தனை வரி தாங்குமோ தெரியவில்லை.

அக்கா பிறந்தது குடியாத்தத்துக்கு அருகே ஒரு சிற்றூர். எங்கள் அம்மா முன்பே காலமாகிவிட்டார். மழை பொய்த்த வருடங்களில் அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தார். சில ஆண்டுகளில் அவரும் காய்ச்சலில் போய்விட்டார். சுரங்கத்தில் இறங்கும் ஆள் இருக்கும்வரைதான் கம்பெனியின் தட்டிக் குடிசை. ஆள் இல்லையென்றால் குடிசையும் இல்லை. அப்பாவின் காரியம் முடிவதற்குள் அடுத்த குடும்பம் பாயும் சட்டியுமாக வாசலில் வந்து நின்றது. நல்ல மனிதர்கள்தாம். எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், எங்கள் அடுப்பிலேயே. அக்கா அதைத் தொடவில்லை. நான் குடித்தேன்; இன்னொரு முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே ஆசைதான். யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாத வீடு ஒன்று வேண்டும்.

பிறகு அக்காவுக்குத் திருமணம் நடந்தது. மாமா மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்னும் ஆழக் குழிக்குள் இறங்கி வேலை செய்தார். அக்கா மேலே, கல் பொறுக்கும் கொட்டகையில். இருவர் கூலியிலும் மிச்சம் பிடித்து, பேட்டைக்கு வெளியே ஒரு தெலுங்கு விவசாயியிடம் துண்டு நிலம் வாங்கினார்கள். அதோடு கையிருப்பு தீர்ந்தது.

எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம் அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா அடுப்புச் சாம்பலைக் கூடையில் எடுத்துப்போய், அந்த வெற்று நிலத்தில் ஒரு வீட்டைக் கோடாக இழுப்பார். வாசல், கூடம், அடுப்படி. காற்று அழித்துவிடும், மறு ஞாயிறு திரும்ப இழுப்பார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "இது என் வீடு. நான் இதுல இருக்கேன்" என்பார். மாடு மேய்ப்பவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு நாள் கோட்டைத் தாண்டி நேராக அடுப்படிக்குள் போனேன்.

"டேய்! செவுத்துல பூந்து வர்றியே, நீ இன்னா பேயா? வாசப்படியா வா!"

வெளியே குந்தியிருந்த மாமா சேர்ந்துகொண்டார். "குனிஞ்சி வாங்க மச்சான், நெலப்படி தாழ்வா கீது. மண்டைய இடிச்சிக்கினா வூட்டுக்குத்தான் சேதாரம்."

"அக்கா, கண்ண மூடிக்கினா வூடு தெரியுதா, தொறந்தா தெரியுதா?"

"ரெண்டுலயும் தெரியுது. நீ நடுவுல வந்து நின்னாதான் மறைக்குது."

எனக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. ஒரு வேளை பலிக்குமோ? கடை முதலாளி ஆவது என்று முடிவு செய்துகொண்டு, தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதலாளியின் திண்டில் சாய்ந்து, கண்ணை மூடி, "இது என் கடை. நான்தான் மொதலாளி" என்று சொல்லி வந்தேன். ஒரு நாள் கண்ணைத் திறந்தால் முதலாளி எதிரே நிற்கிறார்.

"அப்படீங்களா மொதலாளி? அந்தக் குப்பைய மட்டும் கொஞ்சம் கூட்டிட்டு வந்து ஒக்காருங்க."

யோசித்துப் பார்த்தேன். அக்கா சொல்லி முடித்ததும் அக்கம்பக்கத்துக் கல்லைப் பொறுக்கி நிலத்தோரம் குவித்துவிட்டுத்தான் திரும்புவார். நான் சொல்லி முடித்ததும் வெற்றிலை போடுவேன். வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிக் கல் சேர்த்தவர்கள் பேட்டையில் பலர் உண்டு. பாதியில் விட்டவர்களும் அவர்களேதாம். அக்காவை மட்டும் ஞாயிறுதோறும் அங்கே இழுத்துப் போனது எது? கல்லா, சாம்பலா, அந்தச் சொல்லா? கேட்டால் அக்கா, "வேலைய பாருடா" என்பார்.

அப்போதுதான் ஷாஃப்டுக்குள் மாமாவின் காலில் பாறை விழுந்தது. கால் தப்பியது, கீழே இறங்கும் பிழைப்பு போயிற்று. மேலே வேலை செய்யும் பெண்ணுக்குக் குடிசை கிடையாது. அவர்கள் இருந்த குடிசையை மழைக்கு முன் காலி செய்யும்படி கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. "கட்டிடலாம்" என்றார், ஏதோ துணி துவைத்துவிடலாம் என்பதுபோல.

அக்காவுக்கு ஷிப்ட் இருந்ததால், கடைக்காலுக்கு அளந்து குறிபோடும் வேலை எனக்கு வந்தது. நம் கையில்தான் கஜக்கோல் இருக்கிறதே! கடையில் வேண்டியவர்களுக்கு அளந்ததற்கு மேல் கொஞ்சம் விட்டுக் கிழிப்பது வழக்கம். அக்காவுக்கு அளக்கும்போது கை சும்மா இருக்குமா? கஜத்துக்கு ஒரு சாண் தாராளமாக விட்டேன்.

கொட்டகையில் அக்காவோடு வேலை செய்த பெண்கள் ஷிப்ட் முடிந்ததும் வந்து, எங்கிருந்தோ குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மண் மிதித்துக் கொடுத்தார்கள். சுவர் எழுந்தது. அக்கா மட்டும், "கொஞ்சம் பெருசா தெரியுதே" என்றார்.

"மொட்டச் செவுரு அப்படித்தாம்மே தெரியும். கூர போட்டா சரியாப்பூடும்" என்றார் மாமா. அவர், சாம்பல் கோட்டை அளந்து அக்கா முடிச்சுப் போட்டுக் கொடுத்த கயிற்றை வைத்து, உத்திரக் கட்டையைச் சரியாக வெட்டி வைத்திருந்தார்.

கூரை போடும் நாள். வானம் கறுத்திருந்தது. மறுநாள் குடிசையை விட்டாக வேண்டும். கட்டையைத் தூக்கி ஒரு சுவரில் வைத்தார்கள். மறுமுனை எதிர்ச் சுவருக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றது. எல்லாரும் கட்டையைப் பார்த்தார்கள். பிறகு என் கஜக்கோலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"மச்சான், வேட்டி கிழிக்கிறதுன்னு நெனச்சிக்கினீங்களா?" என்றார் மாமா. அவர் குரலில் சிரிப்பு இல்லை.

அக்கா உள்ளே போனார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். கட்டை முடியும் இடத்துக்கு நேர் கீழே காலால் தரையில் கோடு கிழித்து, "இங்க ஒரு செவுரு எழுப்புங்க" என்றார். மிச்சமிருந்த கல், மண் எல்லாம் அங்கே ஏறின. வந்திருந்த அத்தனை பேரும் கைவைத்தார்கள். முதல் தூறல் விழும்போது கூடத்துக்கு மேல் ஓலை இருந்தது. சுவருக்கு அப்பால் எஞ்சிய குறுகல் இடத்தைத் தட்டியால் மூடினோம்.

அக்கா அதற்குள் எட்டிப் பார்த்தார். "இத்தினி வருசமா பாத்தனே, இந்த ரூம்பு மட்டும் எனக்குத் தெரிஞ்சதே இல்லியே. யாருதுடா இது?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னுதுதான். வேற யாரு இதுல மடங்கிப் படுப்பா?" என்றார். அதுவரை கடை மூட்டைகளின்மேல் படுத்து வந்தவன் நான். இதை எழுதுவதும் அந்த அறையில்தான்.

கல் தூசியோ என்னவோ, கடைசி மாதங்களில் அக்காவுக்கு இருமல் ஓயவில்லை. கூடத்திலேயே படுத்திருந்தார். என் பழைய குறுகுறுப்பு விடவில்லை.

"அக்கா, இப்போ கண்ணுக்கு இன்னா தெரியுது?"

"செவுரு தெரியுது. தெக்கால மூலைல பூச்சு உதுருது, பூசு."

பூசினேன். பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். மூன்றாம் நாள் விடியலில் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியர் ஐயாவுக்கும், அன்று மண் மிதித்து, கடைசியில் தோளும் கொடுத்த கொட்டகைப் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும், வாய்க்கரிசிக்கு நெல் குத்தி அனுப்பிய தெலுங்கு விவசாயியின் குடும்பத்துக்கும் கைகூப்பி எங்கள் நன்றி. குடியாத்தத்துச் சொந்தங்கள் ரயிலேறி வந்துசேர மறுநாள் உச்சிப்பொழுது ஆயிற்று. அதுவரை அக்கா தம் கூடத்தில் நிம்மதியாகப் படுத்திருந்தார். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாயும் சட்டியுமாக ஒருவரும் வாசலில் வந்து நிற்கவில்லை.