ஏழாவது சாமான்: ஏற்கவில்லை

என் அம்மா பாலாம்பாள் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. புனே பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில், சரக்கு வரவுப் பிரிவில் இருபத்தாறு வருஷம் கிளார்க். லாரியில் வருகிற சாமானை சலானில் உள்ள பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஏற்பது, இல்லாவிட்டால் காரணம் எழுதித் திருப்புவது, இதுதான் வேலை. ஒரு தடவை பூட்ஸ் வந்தது, நாடா வரவில்லை. "பின்னாலேயே வருது மேடம், ஸைன் கர் தீஜியே" என்று லாரிக்காரன் மூன்று மணி நேரம் கெஞ்சினான். அம்மா மசியவில்லை. நாடா வந்தால் கையெழுத்தும் வரும் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை பார்க்காமல் விடமாட்டாள். என் ரிப்போர்ட் கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பள்ளி விதிகளைக்கூட ஒவ்வொரு டெர்மும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. வெளியே ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அப்பாவுக்கு நாக்பூரில் வங்கி வேலை. மாதம் ஒரு முறை வருகிறவர் என்பதால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தார்.

2002 மே மாதம். நான் எம்.சி.ஏ. கடைசி வருஷம். புனேயின் பஸ் வழித்தடங்களைத் திரையில் வரைபடமாகக் காட்டும் புரோக்ராம் ஒன்றை ஆறு மாதமாகக் கல்லூரி லேபில் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். லேபில் மெஷின் போதாது, முடிந்தவர்கள் வீட்டிலிருந்து சிபியூவைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்திருந்த வேலை, தேறினால்தான் நிலைக்கும். தவறினால் ஆறு மாதம் போச்சு, வேலையும் போச்சு.

என் புரோக்ராம் ஓட லினக்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது கிடையாது. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த மூன்று சிடிகளை வைத்து ஞாயிறு காலை போட ஆரம்பித்தேன். அதே நாளில் விஷ்ராந்த்வாடியில் இருந்த சிநேகிதி ஸ்நேஹா வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டைத் திருத்தி பைண்டிங்குக்கும் கொடுக்க வேண்டும். பாதியில் எழுந்துகொண்டேன்.

"அம்மா, எது கேட்டாலும் நெக்ஸ்ட் அமுக்கு. சிடி மாத்தச் சொன்னா மாத்து. அவ்வளவுதான்."

"என்ன கேக்கும்?"

"என்னமோ கேக்கும். நீ அமுக்கு."

யாரிடம் போய் இதைச் சொன்னேன், பாருங்கள்!

மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரை. மேலே இரண்டு வரி வெள்ளை எழுத்து, பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். உள்ளே விட்டது, ஆனால் அதே கறுப்பு. ஐகான் இல்லை, மவுஸ் அம்பு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படத்திரையைக் கிளப்பும் கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. பஸ் வரைபடத்தை எதில் காட்டுவது?

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணும் தொலைக்கலை. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், பாரு" என்று ஒரு நோட்டை நீட்டினாள்.

"உன் நோட்டை வெச்சு நான் என்ன பண்றது?" என்று தள்ளிவிட்டேன்.

ஸ்நேஹாவுக்கு போன் போட்டேன். கிராஃபிக்ஸ் கார்டு லினக்ஸோடு ஒத்துப்போகவில்லை, வேறு கார்டுதான் வாங்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தக் கம்ப்யூட்டர் கடை திறந்திருக்கும்? பத்திரிகையைப் புரட்டினேன். ஒரு ஃபைலைத் திறந்து கார்டின் பெயரை மாற்றச் சொல்லியிருந்தது. தேடினால் அந்த ஃபைலே இல்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மறுபடி மறுபடி கட்டளைகளை அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், பக்கத்தில் நோட்டையும் வைத்தாள். காபியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு அழுதேவிட்டேன். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடியபோது கையில் அகப்பட்டது அந்த நோட்டு. திறந்தேன்.

டிப்போப் பதிவேடு மாதிரியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். வரிசை எண், சாமான், பயன், முடிவு, குறிப்பு. லினக்ஸ் எதையெல்லாம் ஏற்றட்டுமா என்று கேட்டதோ, அத்தனையும் அவளுடைய குண்டு எழுத்தில். பிரின்டர் வசதி: ஏற்கப்பட்டது. நெட்வொர்க்: ஏற்கப்பட்டது. விளையாட்டுகள்: பரீட்சைக்குத் தேவையில்லை, ஏற்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாவது வரிக்கு வந்தேன்.

"7. எக்ஸ் விண்டோ சிஸ்டம். பயன்: தெரியவில்லை. முடிவு: ஏற்கவில்லை. குறிப்பு: 12.10க்கு ஸ்நேஹா வீட்டுக்கு போன் செய்து கேட்டேன். உனக்குப் புரியாது என்று வைத்துவிட்டாள்."

திரையில் படம், ஐகான், மவுஸ் எல்லாம் வருவதற்கு அதுதான் அஸ்திவாரம். அது இல்லையென்று ஆனதும், அதன் மேல் நிற்கும் எட்டாவது, ஒன்பதாவது சாமான்களையும் நீக்கியிருந்தாள். கார்டில் ஒரு கோளாறும் இல்லை. ஏறாத ஒன்றைத்தான் இரண்டரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த போனும் ஞாபகம் வந்தது. அம்மா ஏதோ கேட்க வாயெடுத்ததும் எரிந்து விழுந்து போனை வைத்தது நான்தான். வெட்கத்தில் முகம் சுட்டது.

முதல் சிடியை மறுபடி போட்டேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு சாமானாகப் படித்து, இது எதற்கு என்று சொன்னேன். இரண்டு இடத்தில் எனக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். "அப்போ வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்றே வைத்தோம். ஏழரை மணிக்கு நீலத் திரை விரிந்தது, ஐகான்கள் வரிசையாக வந்தன, தேஹு ரோடிலிருந்து ஸ்வார்கேட் வரை என் பஸ் சிவப்புக் கோட்டில் ஓடியது. மறுநாள் நடந்த பரீட்சையில் தேறினேன்.

ஆனால் அந்த ஞாயிறு ராத்திரியே நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"அந்தக் குறிப்பை அடிச்சுடேம்மா."

"பதிவு பண்ணதை அடிக்கக் கூடாது. கீழே திருத்தம் எழுதலாம். யார் தப்போ அவாதான் எழுதணும்" என்று பேனாவை நீட்டினாள்.

எழுதினேன். "சாமான் சரியாகத்தான் இருந்தது. கேட்டபோது சொல்லாதது என் தப்பு. சொன்னால் அம்மாவுக்குப் புரியும்." தேதி போட்டு, தேஜஸ்வினி என்று முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மூன்று வரிதான். முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள், திரும்ப ஒரு தடவை படித்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.