ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய ஐஸ் ஆலை

அக்கா போய் ஓராண்டு நிறைந்துவிட்டது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுகிறேன். அங்கேயும் அக்காவின் பேச்சுதான் காதில் ஒலிக்கிறது.

திருமலைராயன்பட்டினத்தில் கடலுக்குப் போகும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அம்மா கூடை சுமந்து மீன் விற்றுப் படிக்கவைத்தார். அக்கா அரசுக் கழகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். மாமா மறைந்த பிறகு ஒற்றை மகளையும் வளர்த்துக்கொண்டு, காரைக்காலில் அக்கழகம் நடத்திய ஐஸ் ஆலைக்கு மேலாளரானார். ஆலையை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டிருந்த நேரம். தொழிலாளர் வீடுகளில் சோறு இறங்கவில்லை.

எந்திரம் பழசு, அதனால் நட்டம் என்றார்கள். அக்கா சந்தையைப் பார்த்தார். ஊரே மீன் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை. அரசு ஆலைக்கு அன்றுதான் விடுமுறை. அன்று தனியாரிடம் ஐஸ் வாங்கப் போன மீன் வியாபாரிகள் மற்ற நாளும் அங்கேயே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். பல வீடுகளில் மீன் எடுக்காத செவ்வாய்க்கு விடுமுறையை மாற்றிக்கொள்வோம் என்றார்.

"ஞாயித்துக்கெழம வேலைக்குப் போனா வீட்ல சேத்துக்க மாட்டாங்க மேடம்" என்றார் எந்திரம் ஓட்டும் கலியபெருமாள் அண்ணன்.

"அன்னிக்கு மீன் இல்லன்னாத்தான் சேத்துக்க மாட்டாங்க. வாங்க, நானும் வரேன்."

வந்தார்கள். விடியலில் வாசலில் நின்று, "வாங்கக்கா, ஐஸ் இருக்கு" என்று கூடைக்காரப் பெண்களை அக்காவே அழைத்தார். நட்டம் குறைந்தது, மூடும் பேச்சும் அடங்கியது.

பிறகு பதவி உயர்வில் புதுச்சேரிக்குப் போனார். அடுத்து வந்தவர் நல்ல மனிதர்தான். விடுமுறையை மாற்றிய உத்தரவு எங்கே என்று கேட்டார். உத்தரவு இல்லை. அக்கா கேட்டார், இவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பூட்டு விழுந்தது. சில ஆண்டுகளில் எல்லா நாளும். கலியபெருமாள் அண்ணன் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி வேலைக்குப் போனார்.

நோயில் படுத்தபோதும் அக்காவுக்கு இதே நினைப்பு.

"நல்லாத்தான்டா நடத்துனேன். நான் இல்லாட்டியும் நடக்குற மாதிரி பண்ணலியே."

"அந்த ஆளு பூட்டுனதுக்கு நீ என்னக்கா பண்ணுவ?"

"அவரு விதிப்படி செஞ்சாரு. விதிய மாத்த வேண்டியவ நான்தான். எம் பேச்சுக்கு வராங்கங்கிற பெருமையில விட்டுட்டேன் தம்பி."

நான் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணையிருந்த கூடைக்காரப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா போன அன்று, பிரான்சிலிருந்து மகள் வரும்வரை அக்காவைக் கிடத்திவைக்க ஐஸ் வேண்டியிருந்தது. நாங்கள் கைபிசைந்து நின்றபோது, பழைய தொழிலாளர்கள் தனியார் ஆலையில் வாங்கி, வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கட்டிகளை அடுக்கிவிட்டு, கலியபெருமாள் அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னிக்கு நீங்க கூப்புடல மேடம். நாங்களாத்தான் வந்திருக்கோம்."

அவர்கள் அனைவருக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி.