சனிக்கிழமையும் வேலைநாள்தான்

பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில் எனக்கு ஒரு மணப்பெண் அலங்காரக் கடை இருக்கிறது. ரூ லூயி-பிளாங்கில் அதே தொழில் செய்கிற இன்னொருத்தி இருக்கிறாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுடைய கணவர் மணவறை சோடிப்பவர். பாரிசுக்கு வருமுன் பத்து வருடம் ஜெர்மனியில் இருந்தவர் என்பதால், எல்லைக்கு அப்பால் கல்யாணம் என்றால் எந்த வழியால் போவது, எங்கே காரை விடுவது என்று எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எல்லாரும் அவரிடம்தான் கேட்போம். நானும் கேட்டேன்.

அது ஜெர்மனியில் ஒரு சனிக்கிழமைக் கல்யாணம். பெண்ணை அலங்கரிக்க நான் போயிருந்தேன். மணவறை அவருடையது. மனைவியும் கூட வந்திருந்தாள், விருந்தாளியாக. மண்டபத்துக்கு முன்னால் ஒரு கம்பத்தில் வட்டப் பலகை இருந்தது. நீல வட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. அதன் கீழே சின்ன வெள்ளைத் தகட்டில் ‘வெர்க்டாக்ஸ்’ என்றும் ஏழிலிருந்து பதினெட்டு மணி வரை என்றும் எழுதியிருந்தது.

“அண்ணை, இதிலை விடலாமோ?”

“விடுங்கோ தங்கச்சி. உது வேலைநாளுக்கு. இண்டைக்குச் சனியெல்லோ.”

விட்டேன். தலை அலங்காரத்துக்கே இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். அறை முழுக்கச் சனம். அதனால் நகைப் பெட்டியைக் காரின் பின்பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் மேலே போனேன். பதினொரு மணிக்குப் பெட்டியை எடுக்க இறங்கி வந்தால் கார் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. மாநகராட்சி இழுத்துக்கொண்டு போய்விட்டதாக எதிர்க்கடைக்காரி கைச்சாடையில் சொன்னாள்.

பெண்ணின் தாய் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“வெறுங்கழுத்தோடையோ என்ரை பிள்ளை மணவறையிலை இருக்கிறது?”

அப்போதுதான் விருந்தாளியாக வந்தவள் எழுந்து வந்தாள். “பதறாதையுங்கோ. என்னட்டை ஒரு செற் இருக்கு” என்றாள். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், வங்கி, எல்லாம் இருந்தன. என் கண்முன்னாலேயே நான் சோடித்த தலையில் அவள் சுட்டியைப் பூட்டினாள். படங்களில் எல்லாம் பெண்ணுக்குப் பக்கத்தில் அவள்தான் நின்றாள். அந்த வருடம் எனக்கு உறுதியாகியிருந்த மூன்று கல்யாணங்கள் ஒவ்வொன்றாக லூயி-பிளாங்குக்குப் போயின.

என் கெட்ட நேரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து ஊரான திரான்சியிலிருந்து புருவம் திருத்த வரும் ஒருத்தி ஜெர்மனியிலேயே வளர்ந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் நூலை இழுத்துக்கொண்டே அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டாள்.

“அக்கா, வெர்க்டாக்ஸ் எண்டால் சனியும் சேர்த்தி. ஞாயிறும் பெருநாளும்தான் விடுதலை. அங்கை கார் ஓடுற எல்லாருக்கும் தெரியும்.”

“பத்து வருசம் ஓடினவருக்கு?”

“தெரியாமல் இருக்க வழியில்லை.”

விருந்துக்கு வந்த ஒரு பெண் எதற்காக முழு மணப்பெண் நகையையும் கொண்டு வந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த நூல் அறுந்தது.

அடுத்த முறை வரும்போது, அங்கே சாரதிப் பரீட்சைக்குப் படித்த பழைய புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னேன். அவள் பக்க ஓரங்களில் தமிழில் எழுதித் தந்ததை வைத்து, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் படித்தேன். ஒற்றைக் கோடு என்றால் ஆளையோ சாமானையோ ஏற்றி இறக்கலாம், சும்மா நிற்பதென்றால் மூன்று நிமிடம். பெருக்கல் குறி என்றால் நிற்கவே கூடாது. கீழே நேரம் போட்டிருந்தால் அந்த நேரத்துக்குள் மட்டும்தான் தடை. தகட்டில் இரண்டு வரி இருந்தால் இரண்டையும் வாசிக்க வேண்டும். என் மகள் எட்டிப் பார்த்து, உனக்குப் பரீட்சையா அம்மா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம் என்றேன்.

பரீட்சை அடுத்த வருடம் வந்தது. வேறொரு ஜெர்மன் ஊர், மறுபடி சனிக்கிழமை. பெண்ணை அலங்கரிக்க அந்த லூயி-பிளாங் கடைக்காரி, மாப்பிள்ளையின் சகோதரிகளுக்கு நான். மணவறை வழக்கம்போல அவருடையது. அவர் தன் வான் வண்டியை நிறுத்திய இடத்தில் அதே பெருக்கல் குறி. தகட்டில் முதல் வரி திங்கள் முதல் வெள்ளி வரை. இரண்டாவது வரியின் மேல் யாரோ ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் ‘Sa’ என்ற இரண்டு எழுத்தும் மறு ஓரத்தில் 14 என்ற எண்ணும் தெரிந்தன. சனி, பிற்பகல் இரண்டு மணி வரை.

“தங்கச்சி, எனக்குப் பின்னாலை விடுங்கோ. இது வெள்ளியோடை சரி.”

“இல்லை அண்ணை, நான் அங்காலை காசு கட்டுற கராஜிலை விடுறன்.”

மணவறைச் சாமான் முழுவதும் இறங்கிவிட்டதா என்று மட்டும் போய்ப் பார்த்துக்கொண்டேன். மணப்பெண்ணோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிறகு தேநீரோடு ஜன்னலருகே நின்றேன். பத்தரைக்குச் சீருடைக்காரி ஒருத்தி வந்து வானைச் சுற்றிப் படம் எடுத்தாள். அரை மணித்தியாலத்தில் இழுவை வண்டி வந்தது. இருபது அடி தள்ளி அவர் வாழைமரத்துக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன். வானின் முன்சில்லுகள் தரையை விட்டுக் கிளம்பியபோது நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அவர் ஓடி வந்து வெறும் தெருவைப் பார்த்துக் கத்தினார். நான் இறங்கிப் போனேன்.

“ஸ்டிக்கருக்குக் கீழை சனிக்கும் நேரம் போட்டிருந்ததே அண்ணை. நீங்கள் பாக்கேல்லையோ?”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

வானைத் திங்கட்கிழமைதான் எடுக்கலாம் என்றார்கள். அவர் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மனைவிக்கு மறுநாள் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவில் கல்யாணம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் அவளை என் காரில் ஏற்றிவிட்டார். மாலை வெயிலில் பெல்ஜியத்தைக் கடந்தோம்.

“நாளைப் பொம்பிளைக்கான நகை வானுக்குள்ளை இருக்கு” என்றாள் திடீரென்று. “உம்மடை செற்றைத் தருவீரோ?”

நான் முன்னால் போன லொறியை முந்தினேன்.

“அண்டைக்கு அவரை அப்பிடிச் சொல்ல வைச்சது நான்தான். அவர் மாட்டன் எண்டவர். எனக்கு அந்த வருசம் ஒரு கல்யாணமும் வரேல்லை. என்னைத்தான் நீர் கோவிக்கோணும்.”

அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. ஜன்னலருகே நின்று நான் அனுபவித்த அரை மணித்தியாலம் ஆள் மாறிப் போய்விட்டதே என்ற எரிச்சல்தான் வந்தது.

“நகை வரும் அக்கா. ஆனால் நான்தான் கொண்டு வருவன். என்ரை கையாலைதான் பூட்டுவன்.”

“சனத்துக்கு முன்னாலையோ?”

“சனத்துக்கு முன்னாலைதான்.”

மறுநாள் அவள் சீப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க, நான் சுட்டியை வைத்தேன், ஒட்டியாணத்தைப் பூட்டினேன். “நீங்கள் ஆர்?” என்று பெண்ணின் தாய் கேட்டார். என் கடை இருக்கும் தெருவைச் சத்தமாகச் சொன்னேன். இளைய மகளின் கல்யாணத்துக்கு அவர் என்னிடம்தான் வந்தார்.

இப்போது மரக்கறிக் கடையில் எதிர்ப்பட்டால் அவள் “சுகமோ?” என்று கேட்பாள். ஓம் என்பேன். கணவர் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள் என்று மகள் சொல்கிறாள். மாட்டேன் என்று மறுத்தவர்தான், தெரியும். ஆனால் கடைசியில் என் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொன்ன வாய் அவருடையது. நான் கேட்கப்போவதில்லை.