நானூற்று இருபது அங்குலம்

எண்பத்து நான்கு அங்குல நாடாவிலிருந்து நானூற்று இருபது அங்குலத் துண்டு வெட்டியவள் நான். ஆசிரியப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வில், மைப்பேனாவால் வெட்டினேன்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினெட்டு வயது. தமிழில் பாடம் சொல்லித்தர ஆசிரியைகள் வேண்டும், எட்டாவது படித்திருந்தால் போதும் என்றார்கள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து மனுப் போட்டவள் நான் ஒருத்திதான். ஆனால் நான் கணக்குப் படித்ததெல்லாம் பிரெஞ்சில். வினாத்தாளோ தமிழில் இருந்தது. 84 அங்குலத்தில் ஒரு நாடா, 60 அங்குலத்தில் ஒரு நாடா. இரண்டையும் மிச்சமில்லாமல் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டு அதிகபட்சம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? மீப்பெரு பொது வகுத்தியைக் காண்க.

பள்ளியில் இரண்டு வழிகளை உருப்போட்டிருந்தேன். ஒன்றில் சின்ன விடை வரும், இன்னொன்றில் பெரிய விடை வரும். 'மீப்பெரு' என்று போட்டிருக்கிறதே, பெரிய விடைதான் என்று முடிவுகட்டி 420 என எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டு வந்தேன்.

முடிவு கேட்கப் போனபோது அதிகாரி என் தாளை எடுத்துக் காட்டினார். "நாடாவே எண்பத்து நாலு அங்குலம்தான். இதுல நானூத்தி இருபது எங்கேருந்தும்மா வரும்?" அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அண்ணன் தையல்காரர். சேதி கேட்டு, "போனது போவட்டும், விடு" என்றார். அண்ணிதான் விடவில்லை. அண்ணி கடலூர்க்காரி. எட்டாவது வரை தமிழில் படித்து, கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்டவள். என்னைவிட மூன்று வயது பெரியவள்.

"அந்தக் கணக்க எனக்குச் சொல்லு" என்றாள். சொன்னேன்.

"எனக்கும் இது அப்பவே புரியல. பேரு மட்டும் ஞாபகம் இருக்கு. நெசமாவே வெட்டிப் பாத்துடலாமா?"

அன்று வெள்ளிக்கிழமை. அண்ணன் கடையை அடைத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார். பாவாடை நாடாச் சுருளிலிருந்து 84 அங்குலம் ஒன்று, 60 அங்குலம் ஒன்று அளந்து வெட்டி, கூடத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினோம். நீளமானது 24 அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

அண்ணி அந்த மிச்சத்தை விரலால் அழுத்திப் பிடித்தாள். "ஒரு துண்டு இந்த அறுபதையும் சரியா வெட்டுது, அந்த எண்பத்து நாலையும் சரியா வெட்டுதுன்னா, இந்த மிச்சத்தையும் சரியா வெட்டித்தானே ஆவணும்?"

அப்படியானால் எண்பத்து நாலை மறந்துவிடலாம். அறுபதும் இருபத்து நாலும் போதும். அறுபதில் இருபத்து நாலை இரண்டு தரம் மடித்தேன். பன்னிரண்டு மிஞ்சியது. இருபத்து நாலில் அந்தப் பன்னிரண்டை மடித்தேன். இரண்டே மடிப்பு, மிச்சமில்லை.

"பன்னெண்டு" என்றோம் இருவரும்.

பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகு, சின்ன எண்ணை மிச்சத்தால் வகு என்று வருஷக்கணக்காகக் கிளிப்பிள்ளைபோல் செய்துவந்தேன். ஏன் வகுக்கிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது இந்த மடிப்புதான் என்று தரையில் உட்கார்ந்தபடி கண்டுகொண்டேன்.

"அப்ப ஒன்னோட நானூத்தி இருபது எது?" என்றாள் அண்ணி.

மடித்தது போதும், இரண்டு நாடாவையும் அடுக்கிக்கொண்டே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குக் கூடம் போதவில்லை. மதிய வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வாசற்படியிலிருந்து நான் நீள நாடாவையும் அவள் குட்டை நாடாவையும் அவரவர் வரிசையில் திரும்பத் திரும்ப முனைக்கு முனை வைத்து, சாக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டே போனோம். என் கோடும் அவள் கோடும் விலகி விலகிப் போயின. என் ஐந்தாவது கோடு அவளுடைய ஏழாவது கோட்டின்மேல் வந்து விழுந்தது. அளந்து பார்த்தோம். நானூற்று இருபது அங்குலம்.

தொழுகை முடிந்து திரும்பிய அண்ணன், தெருவில் மண்டியிட்டிருந்த எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன தேடுறீங்க?"

"தேடல. கெடச்சிடுச்சி" என்றாள் அண்ணி. கூடவே, "அடுத்த தடவ பரிச்சைக்கு நானும் போறேன்" என்றாள்.

அண்ணன் உள்ளே போனார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து வரும்போது இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வாங்கி வந்தார்.

அடுத்த வருஷம் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு இருவரும் ஒன்றாகப் போய் எழுதினோம். எழுத்துத் தேர்வு தேறியவர்களுக்கு நேர்முகம் வைத்தார்கள். போன வருஷத்து அதே அதிகாரி. என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு. ரெண்டுல எதும்மா பெருசு?"

"மடங்குதான் ஐயா. வகுத்தி ரெண்டு எண்ணுக்குள்ளயும் அடங்குறது. சின்ன எண்ணைத் தாண்ட முடியாது. அப்படி அடங்குறதுல பெருசு எதுவோ அது மீப்பெரு. மடங்கு ரெண்டு எண்ணும் போய்ச் சேர்ற எடம். பெரிய எண்ணுக்குக் கீழ வர முடியாது. அப்படிச் சேர்ற எடத்துல முதல்ல வர்றது மீச்சிறு."

அவர் தலையசைக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணாவே இருக்குமா, எப்பவாவது?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் அண்ணியும் யோசித்ததுகூட இல்லை. ஒன்று சின்ன எண்ணைத் தாண்டாது, மற்றது பெரிய எண்ணுக்குக் கீழே வராது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் நடுவில் இடைவெளியே இருக்கக்கூடாது.

"இருக்கும் ஐயா. கொடுத்த ரெண்டு எண்ணும் ஒரே எண்ணா இருந்தா. வேற எப்பவும் இருக்காது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு சொல்லிக்கொடுத்தது?"

"இப்பதான் யோசிச்சேன் ஐயா."

"பிள்ளைங்ககிட்டயும் இப்படிக் கேளு" என்றார். கேளு என்றால், பயிற்சியில் எனக்கு இடம் உண்டு என்று அர்த்தம். வெளியே வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உள்ளே போனாள்.

இருவருமே தேறினோம். கணக்கில் அண்ணிக்கு என்னைவிட இரண்டு மதிப்பெண் கூடுதல். அண்ணன் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பயிற்சிக்குப் போன முதல் நாள் காலையில் அண்ணி நடந்த வேகத்துக்கு, பின்னால் நான் ஓட வேண்டியிருந்தது.