வால் என்னவென்று கேட்கும் அக்கா

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் வால் அக்கா. நாற்பத்தாறு வயது, மூட்டுவலி, மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. குறும்புக்காக வைத்த பெயர் இல்லை. பெப்டைடு, அதாவது அமினோ அமிலச் சங்கிலி, செய்யச் சொல்லி எந்தச் சீட்டு வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "வால் என்ன?" என்றுதான்.

கேட்காமல் முடியாது. சர்க்கரைபோல் இருக்கும் பிசின் மணிகளில் ஒரு கொக்கி உண்டு. அதில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போய், கடைசியில் அமிலம் ஊற்றிச் சங்கிலியை அறுத்தெடுக்க வேண்டும். கொக்கியில் மாட்டியிருந்த முனைதான் வால். ஒரு வகைக் கொக்கி என்றால் சங்கிலிக்கு ஆசிட் வால், இன்னொரு வகை என்றால் அமைடு வால். முதல் நாள் எந்த மணியை நிறுத்துப் போடுகிறோமோ, அதுதான் தலையெழுத்து. அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. எங்கள் மேனேஜருக்கு இது பதினோரு வருடமாகப் புரியவில்லை.

அந்தத் தடவை வந்த சீட்டில் இருபத்தெட்டு அமினோ அமிலங்கள் வரிசையாக இருந்தன. வாலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"சார், வால் என்ன?"

"எப்பவும் போடுறதுதாம்மா. ஆசிட்."

ஒன்பது நாள் வேலை. பத்தாம் நாளிலிருந்து அக்காவுக்கு லீவு. தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்தத் தங்கை குடும்பத்தோடு வெளிநாட்டுக்கே குடியேறுகிறாள், மறுபடி எப்போது வருவாளோ. "நீ வழியனுப்ப வரலேன்னா நான் ஏறவே மாட்டேன்க்கா" என்று அவள் போனில் அழுதது என் மேஜைவரை கேட்டது.

ஒன்பதாம் நாள், மூலக்கூறை நிறுத்துப் பார்க்கும் மாஸ் மெஷினில் சங்கிலியின் எடை கச்சிதமாக வந்தது. அக்கா கையுறையைக் கழற்றும்போது மேனேஜர் ஓடி வந்தார், கையில் வேறேதோ பெப்டைடு கம்பெனியின் விலைப்பட்டியல்.

"இதே சங்கிலிக்கு இவங்க அமைடு வால் போட்டிருக்காங்க! நீ பாக்க மாட்டியா?"

"நீங்கதானே சார் ஆசிட்னு சொன்னீங்க?"

"நான் சொன்னா அப்படியே போட்டுடறதா? உனக்கு அனுபவம் இல்லையா?"

எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான். அக்கா பொறுமையாகத்தான் சொன்னார்: "ஆர்டர் குடுத்தவங்களையே ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார்."

"இப்பப் போய்க் கேட்டா நமக்கே ஒண்ணும் தெரியலைன்னு நெனைப்பாங்க. பேசாம திரும்பப் போடு. லீவை அப்புறம் பாத்துக்கலாம்."

ஒரு போன். ஒரே ஒரு போன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வேறு மணியை நிறுத்துப் போட்டார். எட்டாவது அமினோ அமிலம் கோத்துக்கொண்டிருந்தபோது விமான நிலையத்திலிருந்து தங்கையின் போன் வந்தது. "ஏறுடி. பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கோ. அக்கா வேலையா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒன்பதாவதை நிறுக்கப் போனார்.

சரக்கு போனது. நான்காம் நாள் பதில் வந்தது: நாங்கள் கேட்டது ஆசிட் வால், நீங்கள் அனுப்பியிருப்பது அமைடு.

மேனேஜர் நேராக அக்காவிடம் வந்தார். "மொதல்ல செஞ்சது ஃப்ரீசர்ல இருக்கில்ல?" இருந்தது. அக்கா எடுத்துக் கொடுத்தார். "பாத்தியா, ரெண்டும் கையில இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு!" விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை மனிதருக்கு. போகிற போக்கில் தாராளம் வேறு பொங்கியது.

"பாவம், அந்த லீவை இப்ப எடுத்துக்கோம்மா. எத்தனை நாள் வேணும்னாலும்."

"எதுக்கு சார்?" என்றார் அக்கா. "யாரை வழியனுப்ப?"