நாலு பக்கக் கட்டுரை

நான் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் தொழிலில் கட்டுரை என்றால் நாற்பது பக்கமாவது இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, பாதிப் பக்கத்துக்கு அடிக்குறிப்பு போட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வரவேண்டும். நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் பதினேழாம் பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. இன்றுவரை ஒருத்தரும் கேட்கவில்லை, என் கணவர் உட்பட.

அதனால் அடுத்ததை நாலே பக்கத்தில் எழுதினேன். ஒரே கேள்விதான்: படிக்கத் தெரியாத மொழியில் நோட்டீஸைக் கையில் திணித்தால், அது தெரிவித்ததாக ஆகுமா? எங்கள் ஆய்விதழின் ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, இது கட்டுரையா, லீவ் லெட்டரா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு வரிகூடக் கூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசிப் பக்கங்களை நிரப்ப வேறு சரக்கு இல்லாததால், போனால் போகட்டும் என்று போட்டார்.

பிறகு ஒருநாள் வக்கீலான என் தோழி கூப்பிட்டாள். பொன்முடி மலைப் பக்கம் தேயிலை பறித்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ் அம்மா. எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி மலையாளத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது. ரேஷன் கார்டு சமாச்சாரம் என்று நினைத்து அவர் பத்திரமாக மடித்து வைத்துவிட்டார். கெடுவும் தாண்டிவிட்டது. கோர்ட்டு தடுக்காவிட்டால் வீடு போய்விடும்.

வஞ்சியூர் கோர்ட்டு வராந்தாவில், கேஸ் கூப்பிடுவதற்குள் தோழி என் கட்டுரையை நின்றபடியே படித்து முடித்தாள். அவள் நீட்டியதும் நீதிபதியும் இருக்கையிலேயே படித்தார். நான் பின்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். நாலாம் பக்கமும் புரண்டது! என் எழுத்தைக் கடைசிவரை படித்த ஒரு மனுஷர்!

"இந்த நோட்டீஸை இவருக்கு யாராவது வாசித்துக் காட்டினீர்களா?" என்று மலையாளத்தில் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பைப் புரட்டினார். தீர்ப்பு வரும்வரை வீட்டில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவானது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

வெளியே அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி என்னதான் எழுதினீங்க டீச்சர்?"

பெருமையாகக் கட்டுரையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது மலையாளம், இது இங்கிலீஷ்லல்லா இருக்கு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு மானமே போயிற்று. படியில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். முடித்ததும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நல்லவேளை, சுருக்கமா எழுதினீங்க. மேல போற கடைசி பஸ்ஸப் பிடிக்கணும். வீட்டுக்குப் போகணும்லா."